உங்களுக்குத் தெரியுமா? – கூப்புக்காட்டில் ஒட்டி வாழும் உயிர்கள்

அஞ்சறைப்பெட்டியில் பட்டைக்கும் கிராம்புக்கும் நடுவே ஒரு கறுத்த சருகு கிடக்குமே, கல்பாசி, அதிலிருந்தே தொடங்குவோம். கையில் எடுத்தால் காய்ந்த காகிதம் போல நொறுங்கும். சூடான எண்ணெயில் விழுந்ததும் மழை நனைத்த காட்டின் வாசம் எழும். செட்டிநாட்டு மசாலாவுக்கு அது இல்லாமல் ஆகாது. பெயர்தான் பாசி, தாவரவியலார் அதை லைக்கன் என்பார்கள். பெயரில் கல் இருந்தாலும் மலைக்காட்டு மரங்களின் பட்டையிலிருந்தும் உரித்து எடுக்கிறார்கள். அதன் சொந்தபந்தங்கள் உலகெங்கும் சுமார் 20,000 வகை. அவற்றில் எளிதில் அழியக்கூடிய சில வகைகள் ஸ்வீடன், பின்லாந்து, கனடா, அமெரிக்கா என்று மரம் வெட்டி விற்கும் நாடுகளின் காடுகளில் ரம்பத்துக்கு நடுவே உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இந்தமுறைத் துணுக்குகள் அவற்றைப் பற்றி.

★

லைக்கன் தனி உயிர் இல்லை, கூட்டுக்குடித்தனம். பூஞ்சை வீடு கட்டித் தரும். உள்ளே குடியிருக்கும் பாசியோ நீலப்பச்சைப் பாக்டீரியாவோ வெயிலைக் கொண்டு சமைத்து வீடு முழுவதற்கும் சோறு போடும். 1860களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது அக்காலத்து லைக்கன் வல்லுநர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். இரண்டு உயிர்கள் சேர்ந்து மூன்றாவதாக ஓர் உருவம் எடுக்கும் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை.

★

மாமரத்திலும் தென்னையிலும் வெள்ளைத் திட்டாகப் படர்ந்திருப்பதைப் பார்த்து, மரத்துக்கு ஏதோ நோய் என்று சுரண்டிவிடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். லைக்கனுக்கு வேர் கிடையாது. மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை. புல்லுருவியோடு இதைச் சேர்த்து எண்ணுவது பெரிய அநியாயம். ஒட்டிக்கொள்ள ஓர் இடம், கொஞ்சம் வெளிச்சம், மழையோ பனியோ கொண்டுவரும் ஈரம், இவ்வளவுதான் அது கேட்பது.

★

வேர் இல்லாததால் அதற்கு ஓர் ஆபத்தும் உண்டு. இலைகளுக்கு மேல் இருக்கும் மெழுகுப் போர்வை லைக்கனுக்கு இல்லை. காற்றிலும் மழையிலும் வருவது எதுவானாலும் நேரே உடம்புக்குள் போகும், நஞ்சு உட்பட. 1866-லேயே வில்லியம் நைலாண்டர் என்ற ஆய்வாளர், பாரிஸ் நகரின் லக்சம்பர்க் பூங்காவில் தழைக்கும் லைக்கன்கள் நகரின் மற்ற இடங்களில் இல்லை என்பதைக் கவனித்து, இவை காற்றின் தூய்மையை அளக்கும் கருவி என்று எழுதினார். 1986-ல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது காற்றில் வந்த கதிரியக்கச் சீசியத்தை வடக்கத்திய லைக்கன்கள் உள்வாங்கிக்கொண்டன. அவற்றைத் தின்ற ரெயின்டீர் மான்களின் இறைச்சியை ஸ்வீடனிலும் நார்வேயிலும் உண்ணத் தகாதது என்று கொட்டி அழித்தார்கள்.

★

ஸ்வீடன் நாட்டு நிலத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு காடு. மேலிருந்து பார்த்தால் முடிவே இல்லாத பச்சை. பிறகு லைக்கனுக்கு என்ன குறை?

குறை அந்தப் பச்சையின் வயதில் இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு அங்கே பெரும்பாலும் ஒரே முறைதான். ஒரு கூப்பில், அதாவது வெட்டுக்கென்று குறித்த காட்டுத் துண்டில், நிற்கும் மரங்களையெல்லாம் ஒரே வீச்சில் வெட்டுவார்கள். மண்ணைக் கிளறி வரிசையாகக் கன்று நடுவார்கள். நெருக்கமாக வளர்ந்ததும் இடையிடையே சிலவற்றை எடுத்துவிட்டு, நூறு வயதுக்கு முன்பின் மறுபடி முழுதாக வெட்டுவார்கள். பைன் மரம் தானாக நின்றால் பல நூறு ஆண்டு வாழும். வெட்டுக்காட்டில் நடுவயதைக்கூட அது பார்ப்பதில்லை. பட்டை தடித்து, வெடித்து, பள்ளமும் மேடுமாக ஆன பிறகே குடியேறும் லைக்கன்கள் எத்தனையோ. அவற்றுக்கு இந்தக் காட்டில் வீடு கட்டி முடிவதற்குள் இடித்துவிடுகிறார்கள்.

★

பட்டுப்போன மரத்தை நம்மூரில் வீட்டருகே வைத்திருக்க மாட்டார்கள். வடக்கு பின்லாந்திலோ அதற்குத் தனிப் பெயரே உண்டு: கெலோ. முந்நூறு நானூறு ஆண்டு வாழ்ந்த பைன் மரம் நின்ற வாக்கிலேயே மெல்ல மெல்லச் சாகும். பட்டை உதிர்ந்து, கட்டை வெள்ளிபோலச் சாம்பல் நிறமாகும். குளிரும் அதன் உடம்பில் ஊறியிருக்கும் பிசினும் அதை அழுகவிடாது. செத்த பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும்.

அந்த வெள்ளிக்கட்டையில் ஒட்டி வாழ்வது ஓநாய் லைக்கன். மஞ்சள்பூசணம் போலப் பளிச்சென்ற நிறம், குட்டிப் புதர் போன்ற உருவம். அதில் உள்ள வல்பினிக் அமிலம் கொடிய நஞ்சு. ஸ்காண்டிநேவிய மக்கள் முன்பு அதைப் பொடித்து இறைச்சியில் கலந்து ஓநாய்க்கும் நரிக்கும் வைத்தார்கள். பெயர் அப்படித்தான் வந்தது. 1753-ல் தாவரவியலார் லின்னேயஸ் கொடுத்த லத்தீன் பெயரிலும் நரி இருக்கிறது.

ஓநாயைக் கொன்ற அந்த லைக்கன் இன்று ஸ்வீடனில் பாதுகாக்கப்பட வேண்டிய நிலையில் நிற்கிறது. கெலோ மரங்களை விறகுக்கும் வீடு கட்டவும் எடுத்துவிட்டார்கள். பின்லாந்தின் சுற்றுலா மரவீடுகளுக்கு இன்றும் அதற்குக் கிராக்கி. போனது போகட்டும், புதிதாக ஒன்று உருவாகட்டும் என்றால், நூறு வயதில் வெட்டும் காட்டில் நானூறு வயதுப் பைன் எங்கிருந்து சாகும்? இன்றைக்கு ஒரு மரத்தை வெட்டாமல் விட்டால், அது கெலோவாக நிற்பதைப் பார்க்க நம் பேரனின் பேரனும் இருக்க மாட்டான். இருந்தும் விடத்தான் வேண்டும்.

★

கரிந்த கட்டையில் மட்டும் வாழும் லைக்கனும் உண்டு. அதன் பேரினப் பெயர் கார்போனிகோலா. கரியில் குடியிருப்பது என்று பொருள். காட்டுத்தீ பட்டு மேல்தோல் கருகிய பைன் கட்டைகளில் சிறுசிறு செதில்களாக அப்பியிருக்கும். காட்டுத்தீயை உடனுக்குடன் அணைக்க மனிதர்கள் கற்றுக்கொண்ட பிறகு, வடக்கு ஐரோப்பாவில் புதிய கரிக்கட்டைகள் அருகிவிட்டன. எரிந்தும் நிற்கிற பழைய கட்டைகளையே இந்த லைக்கன்கள் நம்பியிருக்கின்றன.

★

ஒரு கேள்வி லைக்கன் ஆய்வாளர்களை நெடுநாள் குடைந்தது. இளங்காட்டில் சில லைக்கன்கள் இல்லாததற்கு அந்தக் காடு அவற்றுக்கு ஒத்துவராததுதான் காரணமா? அல்லது அவற்றால் அங்கே வந்துசேர முடியவில்லையா?

அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் லொபாரியா ஆரெகானா என்று ஒரு லைக்கன். முட்டைக்கோசின் இலையைக் கிழித்துப் போட்டதுபோல டக்ளஸ் ஃபிர் மரங்களின் உச்சிக்கிளைகளில் அடர்ந்து கிடக்கும். ஸ்டீபன் சில்லட் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் மரம் ஏறி, அதன் துணுக்குகளை முதிர்ந்த காட்டிலும் இளங்காட்டிலும் வெட்டவெளியில் நின்ற மரங்களிலும் விதைத்துப் பார்த்தார்கள். ஆள் கொண்டுபோய் வைத்தால் இளமரத்திலும் அது பிழைத்து வளர்ந்தது. 2000-இல் வெளியான அவர்களுடைய முடிவு இதுதான்: முதுகாட்டை இந்த லைக்கன் சார்ந்திருப்பதற்கு முக்கியக் காரணம், அதனால் தொலைவு போக முடியாமைதான்.

எனக்கு இந்தப் பத்தியின் உயிரே இந்த ஒரு சோதனை என்று தோன்றுகிறது. காரணம், இதில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. லைக்கன் சுமந்த பழைய மரங்கள் சிலவற்றைக் கூப்பின் நடுவே நிற்கவிட்டால், சுற்றிலும் வளரும் இளங்காட்டுக்கு அவையே தாய்மரம். அதே சோதனை எச்சரிக்கையும் தருகிறது. அந்தச் சிலவற்றையும் வெட்டிவிட்டால், காடு எவ்வளவு பச்சையாகத் தழைத்தாலும் லைக்கன் அங்கே திரும்புவதற்குள் தலைமுறைகள் கழிந்துவிடும்.

★

தொலைவு போக முடியாதவற்றில் முதலிடம் நீளத்தாடி லைக்கனுக்கு. அஸ்னியா லாங்கிசிமா என்பது அறிவியல் பெயர். ஸ்ப்ரூஸ் மரக் கிளைகளிலிருந்து வெளிர்பச்சை நூலாகத் தொங்கும். சில மீட்டர் நீளம் வரை வளரும். உலகிலேயே நீளமான லைக்கன் என்று சொல்வார்கள். வித்துக்களைப் பரப்பி இனம் பெருக்குவது அதற்கு அரிது. நூல் அறுந்து காற்றில் பக்கத்துக் கிளையில் மாட்டிக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. முழுவெட்டு நடந்த நிலத்துக்கு அப்பால் அது தாவிப் போகாது.

★

சீனாவின் யுன்னான் மலைகளில் வாழும் சப்பைமூக்குக் குரங்குகளின் முக்கிய உணவு இந்தத் தாடி லைக்கனும் அதன் கறுத்த உறவினர்களும்தான். கடுங்குளிரில் இலை உதிர்ந்த பிறகு வேறு என்ன இருக்கிறது அங்கே? அந்த மலைகளில் மரம் வெட்டியபோது குரங்கின் சோற்றுத்தட்டும் சேர்ந்து விழுந்தது.

★

மேல்பக்கம் பார்த்தால் அப்படியே மனித நுரையீரல்: மேடு, பள்ளம், வலைப்பின்னல். ஈரமானால் பளபளக்கும் பச்சை. காய்ந்தால் பழுப்புத் தோல். ஐரோப்பியப் பழைய வைத்தியர்கள், நுரையீரல் போல இருப்பது நுரையீரலுக்கு மருந்தாகத்தான் இருக்கும் என்று நம்பி இருமலுக்குக் கொடுத்தார்கள். நுரையீரல் லைக்கன் என்ற பெயர் நிலைத்துவிட்டது. பூஞ்சை, பச்சைப்பாசி, நீலப்பச்சைப் பாக்டீரியா என்று அதற்குள் மூன்று பேர் குடித்தனம்.

இன்று அதற்கு வேறு வேலை. ஓரிடத்தில் நுரையீரல் லைக்கன் தழைத்திருந்தால், அந்தக் காடு நெடுங்காலம் அறுபடாமல் நின்றிருக்கிறது, இன்னும் பல அரிய உயிர்கள் உள்ளே இருக்கக்கூடும் என்பதற்கு அடையாளம். ஸ்வீடன்காரர்கள் இப்படிப்பட்டவற்றை அடையாள இனங்கள் என்கிறார்கள்.

★

அந்த அடையாள முறைக்கு வழி திறந்தவர்களில் ஊர்மக்களும் உண்டு என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1980களின் இறுதியில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய யொக்மொக் என்ற சிற்றூரின் இயற்கை ஆர்வலர்கள், வெட்டுக்குப் போகவிருந்த காடுகளுக்குள் மரம்வெட்டிகளுக்கு முன்பாக நுழைந்து, அரிய லைக்கன்களையும் மரக்காளான்களையும் தேடிக் குறித்தார்கள். தங்கள் முயற்சிக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஒரு படி முன்னே'. லென்ஸும் நோட்டுப் புத்தகமும்தான் அவர்களுடைய ஆயுதம். 1990களில் ஸ்வீடனின் வனத்துறையே நாடு முழுக்க இப்படிப்பட்ட முக்கிய வாழிடங்களைக் கணக்கெடுக்கத் தொடங்கியது.

★

1993-இல் ஸ்வீடன் தன் வனச் சட்டத்தை மாற்றியது. மர உற்பத்திக்கு இணையான இடத்தை இயற்கைப் பாதுகாப்புக்கும் கொடுத்தது. கூப்பை வெட்டும்போது சில மரங்களையும், ஓடைக்கரையையும், பட்டுப்போன கட்டைகளையும் விட்டுவைக்கும் பழக்கம் பரவியது. இயற்கையைப் பேணி வெட்டிய மரம் என்ற சான்றிதழ் பெற விரும்புகிற காட்டு முதலாளிகள் ஹெக்டேருக்குப் பத்து மரமாவது விடவேண்டும் என்று விதி வந்தது. பல நூறு மரங்கள் நின்ற இடத்தில் பத்து. போதாது என்பவர்கள் அங்கேயே உண்டு. நானும் அவர்கள் பக்கம்தான். ஆனாலும் வெறும் மொட்டைக்காட்டுக்கு முன்னால் பத்து மரம் பெரிது.

★

சரி, எந்தப் பத்து?

இங்கேதான் வனக்காவலரின் கண் வேண்டும். நேராக வளர்ந்த இளம் ஸ்ப்ரூஸை விட்டுவிட்டுப் போனால் லைக்கனுக்கு ஒரு பயனும் இல்லை. மேலோட்ட வேர் கொண்ட அந்த மரம் தனியாக நின்றால் அடுத்த புயலில் சாயும். விட வேண்டியவை கோணலானவை, முண்டும் முடிச்சுமானவை, பட்டை வெடித்த கிழட்டு ஆஸ்பென், ஓடையோர வில்லோ. அறுவை மில்லுக்கு அதிகம் ஆகாத மரம் பெரும்பாலும் லைக்கனுக்கு மிகவும் ஆகும். வியாபாரிக்கும் இதில் பெரிய நட்டமில்லை.

விட்ட ஆஸ்பென் மரங்களில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நுரையீரல் லைக்கனை ஒட்டிவைத்துப் பல ஆண்டு கவனித்தார்கள். வெட்டவெளியில் தனித்து நின்ற மரத்திலும் அது பிழைத்தது. 14 ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோதும் ஒரு பகுதி உயிரோடு இருந்தது. வடக்குப் பக்கத்தில் ஒட்டியது தெற்குப் பக்கத்தைவிட நன்றாக இருந்தது. அந்த நாட்டில் வெயில் தெற்கிலிருந்துதான் அடிக்கும். நிழலுக்குப் பழகிய லைக்கன் திடீர் வெயிலில் வெளிறிப் போகும். ஒரே மரத்தைத் தனியாக விடாமல், நாலைந்தைக் கூட்டமாக விட்டால் ஒன்றுக்கொன்று நிழலும் காற்றுத்தடுப்புமாகும்.

★

வெட்டிய நிலத்தின் ஓரத்தில் நிற்கும் காட்டுக்கும் நிம்மதி இல்லை. நூலாகத் தொங்கும் லைக்கன்களைக் காற்று பிய்த்தெறிகிறது. காட்டோரத்திலிருந்து 25 முதல் 50 மீட்டர் உள்ளே வரை இதன் பாதிப்பை ஸ்வீடனில் அளந்திருக்கிறார்கள். நூறு மீட்டர் அகலத்தில் ஒரு துண்டுக் காட்டை விட்டால், இரண்டு பக்கமும் ஐம்பது ஐம்பதாகக் கழித்துப் பாருங்கள், நடுவில் என்ன மிச்சம் என்று தெரியும்.

★

ரெயின்டீர் மான்களை மேய்த்து வாழும் ஸாமி மக்களுக்கு லைக்கன் என்பது வைக்கோல்போர். குளிர்காலத்தில் மான் பனியைக் குளம்பால் தோண்டி, தரையில் மெத்தைபோல் படர்ந்த வெள்ளை லைக்கனைத் தின்னும். அந்த மெத்தை ஆண்டுக்கு மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர்தான் வளரும்.

ஸ்வீடனில் தரை லைக்கன் செழித்த காடுகளின் பரப்பு 60 ஆண்டுகளில் 71 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. காடு குறையவில்லை, அடர்த்தி கூடிவிட்டது. நெருக்கி நட்ட மரத்தின் நிழலில் தரை லைக்கன் மாய்ந்து பாசித்தரையாகிறது. நடுவதற்கு முன் மண்ணைக் கிளறும் எந்திரம் மெத்தையையே புரட்டிப் போடுகிறது. வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்ட கான்டோர்ட்டா பைன் விரைவில் வளரும், அடர்ந்து நிழல் தரும். காகித ஆலைக்கு லாபம், மானுக்குப் பட்டினி.

இன்னொன்றும் உண்டு. குளிர்காலத்தின் நடுவே மழை பெய்து பனி கண்ணாடியாக உறைந்துவிட்டால் தரை லைக்கன் பூட்டிய களஞ்சியம். அப்போது மானைக் காப்பாற்றுவது முதிர்ந்த மரங்களில் தொங்கும் தாடி லைக்கன்தான். ஸாமி மேய்ப்பர்கள் அந்த நாட்களில் லைக்கன் மிகுந்த மரத்தை வெட்டிச் சாய்த்து மந்தைக்கு ஊட்டியிருக்கிறார்கள். குளிர்காலம் இப்போது அடிக்கடி அப்படி உறைகிறது. தாடி தொங்கும் மரமோ குறைந்துகொண்டே வருகிறது.

★

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் பனி ஆளுயரத்துக்கும் மேல் விழும். காரிபூ மான்கள் அந்தப் பனியையே ஏணியாகக் கொண்டு, மேற்கிளைகளில் தொங்கும் தலைமுடி லைக்கனைத் தின்று குளிர்காலத்தைக் கழிக்கும். அந்த லைக்கன் போதுமான அளவு தொங்க மரத்துக்கு நூறு வயதாவது தாண்டவேண்டும். தாழ்ந்த காடுகளை வெட்டியதும், வெட்டிய இடத்தில் முளைத்த புதருக்கு மூஸ் மான்களும், அவற்றைத் தொடர்ந்து ஓநாய்களும் வந்தன. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே நடமாடிய தெற்கு செல்கெர்க் மந்தையில் 2018 ஏப்ரலில் எஞ்சியவை மூன்று பெண் மான்கள். 2019 ஜனவரியில் கடைசியாக நின்ற ஒன்றைப் பிடித்து வடக்கே கொண்டுபோனார்கள். அலாஸ்கா நீங்கலாக அமெரிக்க மண்ணுக்கு வந்துபோன கடைசி காரிபூ மந்தை அது.

★

அதே தலைமுடி லைக்கனை மனிதரும் சாப்பிட்டார்கள். உள்நாட்டுப் பிரிட்டிஷ் கொலம்பியாவின் செக்வெப்மெக் பழங்குடியினர் அதை விலா என்பார்கள். ஊறவைத்து, அலசி, சூடேற்றிய கற்கள் நிரப்பிய குழியில் காட்டு வெங்காயத்தோடு மூடி இரவெல்லாம் வேகவிடுவார்கள். நரியைப்போன்ற கயோட்டியின் முடி மரத்தில் சிக்கி அறுந்து இந்த லைக்கனானது என்பது அந்தப் பகுதிப் பழங்குடியினரிடையே உள்ள ஒரு கதை.

பார்க்க அச்சாக அதுபோலவே இருக்கும் மஞ்சள் சாயல் கொண்ட ஒன்று நஞ்சு. இரண்டுக்கும் பூஞ்சை ஒன்றே, பாசியும் ஒன்றே. பிறகு ஏன் ஒன்று சோறு, ஒன்று நஞ்சு? டோபி ஸ்ப்ரிபில் என்ற ஆய்வாளர் இந்தப் புதிரைத் துருவி, மேல்தோலுக்குள் ஈஸ்ட் வகையைச் சேர்ந்த மூன்றாவது குடித்தனக்காரர் ஒளிந்திருப்பதை 2016-இல் கண்டறிந்தார். மஞ்சள் லைக்கனில் அந்த ஈஸ்ட் மிகுதி. ஷ்வெண்டனருக்குப் பிறகு நூற்றைம்பது ஆண்டு பாடப்புத்தகம் சொன்ன 'இருவர் குடித்தனம்' அன்று கேள்விக்குள்ளானது.

★

புள்ளி ஆந்தைக்கும் லைக்கனுக்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில் பறக்கும் அணில், தலைமுடி லைக்கனைத் தின்னும், அதைக் கொண்டே கூடும் மெத்தையும் அமைக்கும். ஆந்தை அந்த அணிலைத் தின்னும். அந்த ஆந்தைக்காக எழுந்த வழக்குகளும் போராட்டங்களும் 1994-இல் வடமேற்கு வனத் திட்டத்தில் முடிந்தன. ஆந்தையோடு நிற்காமல், லைக்கன், பாசி, காளான், நத்தை என்று சுமார் 400 சிற்றினங்களை மரம் வெட்டும் முன் தேடிப் பார்த்து, இருக்கும் இடத்தைக் காக்க வேண்டும் என்று அரசுக் காடுகளுக்கு விதி செய்தார்கள். லைக்கன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெட்டு என்று ஓர் அரசு சொன்னது சிறிய காரியம் அல்ல.

★

முன்னே சொன்ன லொபாரியா ஆரெகானா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும். புயலில் கிளையோடு விழுந்து மட்கும்போது அந்த உரம் மண்ணுக்குப் போய், அதே மரத்தின் வேருக்கு வரும். நம் வயலில் கொளுஞ்சி செய்யும் வேலையை அங்கே மரத்தின் உச்சியில் லைக்கன் செய்கிறது.

★

வெட்டிய பின் நிற்கும் அடிக்கட்டையும் வீடுதான். குண்டூசித் தலை அளவுக் காம்புடைய லைக்கன்கள் பட்டை உதிர்ந்த பழைய கட்டைகளில் கறுப்புப் புள்ளிகளாக நிற்கும். லென்ஸ் இல்லாமல் தெரியாது. ஆலைக்கும் அனல் நிலையத்துக்கும் எரிபொருளாக அடிக்கட்டையைப் பெயர்த்தெடுக்கும் வழக்கம் வடக்கு ஐரோப்பாவில் வந்தபோது ஆய்வாளர்கள் பதறியது இவற்றுக்காகத்தான்.

★

சைபீரியக் காட்டுக்காகம் குளிர்காலத்துக்கென்று இலந்தையளவுக் கனிகளையும் இறைச்சித் துணுக்குகளையும் தொங்கும் லைக்கனுக்கும் பட்டைக்கும் அடியில் ஒளித்துவைக்கும். நீள்வால் சிட்டோ சிலந்தி நூலில் ஆயிரக்கணக்கான லைக்கன் செதில்களை ஒட்டிக் கூட்டை மறைக்கும்.

★

அழியும் நிலையிலுள்ள உயிர்களின் உலகச் சிவப்புப் பட்டியலில் 2003-இல் முதன்முதலாக இடம்பெற்ற இரண்டு லைக்கன்களில் ஒன்று போரியல் ஃபெல்ட். கம்பளித்துண்டு போன்ற சாம்பல் மடல்; விளிம்பில் வெள்ளை. 1902-இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் கரையில் எடுத்த ஒன்றைக் கொண்டு அறிவியல் அதை அறிந்தது. அந்த இடத்தில் இன்று அது இல்லை. ஸ்வீடனிலிருந்தும் மறைந்துவிட்டது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலும் நோவா ஸ்கோஷியாவிலும் மூடுபனி சூழ்ந்த பால்சம் ஃபிர் மரங்களில் இன்னும் வாழ்கிறது. அமில மழை, மரவெட்டு, இளங்கன்றுகளை மேய்ந்துவிடும் மூஸ் மான் என்று அதற்கு எதிரிகள் பலர்.

நோவா ஸ்கோஷியா அரசு தன் பொதுநிலக் காடுகளில், அபாயத்திலுள்ள சில லைக்கன்கள் இருக்கும் மரத்தைச் சுற்றி நூறு மீட்டர் ஆரத்துக்கு வெட்டக்கூடாது என்று விதித்திருக்கிறது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஏழே முக்கால் ஏக்கர். கைக்குள் அடங்கும் ஓர் உயிருக்கு ஏழே முக்கால் ஏக்கர் காடு! 2021 டிசம்பரில் அங்கே வெட்டுக்குக் குறித்த ஒரு காட்டில் ஊர்மக்கள் கூடாரம் அடித்துத் தங்கி, குளிரில் மரம் மரமாகத் தேடி, அபாயப் பட்டியலில் உள்ள லைக்கன்களைக் கண்டுபிடித்தார்கள். வெட்டு நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அந்த மாகாணம் நீலக் கம்பளி லைக்கனைத் தன் மாகாண லைக்கனாக அறிவித்துக்கொண்டது.

★

பிரிட்டனில் ஆஷ் மரங்களை இப்போது ஒரு பூஞ்சை நோய் கூட்டம் கூட்டமாகக் கொல்கிறது. அந்த மரத்தின் பட்டையில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட லைக்கன் வகைகள் வாழ்வதைப் பதிவு செய்திருக்கிறார்கள். நோய் வருமுன் வெட்டி விற்றுவிடுவோம் என்று அவசரப்படாமல், தாங்கி நிற்கும் மரங்களை விட்டுவைக்கும்படி அங்குள்ள ஆர்வலர்கள் கேட்கிறார்கள்.

★

இந்தியாவில் முதல் லைக்கன் பூங்காவை 2020-இல் உத்தராகண்ட் வனத்துறை முன்சியாரியில் அமைத்தது. நம் சந்தைக்கு வரும் கல்பாசியில் கணிசமான பங்கு அந்த இமயமலைப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. இங்கே நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைமரங்களின் கிளைகளில் சாம்பல் தாடியாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே விறகுக்கும் ஆலைக்குமாக நட்ட தைலமரத் தோப்பில் பாருங்கள், மரம் வழவழவென்று வெறுமையாக நிற்கும். ஆண்டுதோறும் பட்டையை உரித்துப் போடும் மரத்தில் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளரும் உயிர் எப்படி ஒட்டும்?

கோத்தகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போகும்போது பட்டையில் இருக்கும் லைக்கனை நினைவுக்காக என்று பிய்த்துக்கொண்டு வராதீர்கள். காற்றில் முறிந்து விழுந்த கிளை வழியெல்லாம் கிடக்கும். அதைக் கையில் எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது பச்சையாக மாறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.